தும்பாவின் முதல் ராக்கெட் ரோகிணி அல்ல

"1963-இல் தும்பாவிலிருந்து கிளம்பிய ரோகிணி ராக்கெட் செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியது" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு. அந்த ஆண்டு நவம்பர் 21 அன்று கேரளத்தின் தும்பா ஏவுதளத்திலிருந்து பறந்தது அமெரிக்காவின் நைக்-அப்பாச்சி ராக்கெட். நம் முதல் ரோகிணி ராக்கெட்டான ஆர்எச்-75 கிளம்பியது 1967-இல்தான்.

ரோகிணி வரிசை ராக்கெட்டுகள் சுற்றுப்பாதைக்குப் போவதே இல்லை. மேல் வளிமண்டலத்தை அளந்துவிட்டுக் கடலில் விழுபவை. அதே வரிசையில் வந்த ஆர்எச்-200ஐப் பாருங்கள்: 200 மில்லிமீட்டர் விட்டம், திட எரிபொருள், இரண்டு அடுக்கு. உச்சியில் மெல்லிய செம்பு இழைகளைத் தூவும். அவை மிதந்து நகர்வதை ரேடாரில் பின்தொடர்ந்து காற்றின் வேகத்தையும் திசையையும் கணிப்பார்கள். எவ்வளவு நுட்பமான வேலை! இதைச் சொல்லாமல் விடலாமா?

1980-இல் இந்தியாவின் எஸ்எல்வி-3 என்ற செயற்கைக்கோள் ஏவு ராக்கெட் ஏற்றிச் சென்ற செயற்கைக்கோளுக்கும் ரோகிணி என்றே பெயர். குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம். மாணவர்களும் படிக்கிறார்கள், தயவுசெய்து திருத்திவிடுங்கள்.