அல்சூர் ஏரி நிரம்பினால் போர்வெல் நிரம்பிவிடாது

"அல்சூர் ஏரி தளும்புது, நிலத்தடி நீர் மேலே வந்துடுச்சு, இனி டேங்கர் வேண்டாம்" என்று பெங்களூரு தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு, தயவுசெய்து பகிராதீர்கள்.

ஓடை, ஏரி மட்டங்களை அளந்து நிலத்தடி நீர் வரைபடம் போடுவது உண்மையான முறைதான். ஆனால் மழையில்லாத நாளிலும் நிலத்துக்குள்ளிருந்து ஊறி வரும் நீரால் ஓடுகிற ஓடையில்தான், அதன் நீர்ப்பரப்பு கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டரோ அதுவே ஏறக்குறைய அந்த இடத்தின் நிலத்தடி நீர்மட்டமாகவும் இருக்கும். நம் விருஷபாவதி ஆறு கோடையில் ஓடுவதோ பெரும்பாலும் கழிவுநீரால். ஏரியின் அடியில் வண்டல் படிந்திருந்தால் தண்ணீர் மேலேயே தேங்கி நிற்கும், கீழே நீர்மட்டம் எங்கோ ஆழத்தில் கிடக்கும். போர்வெல் இன்னும் கீழே, பல இடங்களில் 1,000 அடியும் தாண்டி, பாறை விரிசல்களில் தேடுகிறது. 2024 கோடையில் எத்தனை வறண்டன!

சரி, எப்படிப் பார்ப்பது? பக்கத்துத் திறந்த கிணற்றில் இரவு முழுக்க மோட்டார் போடாமல் விட்டு, காலையில் விளிம்பிலிருந்து நீர் வரை டேப் இறக்கி அளந்து, கடல்மட்டத்திலிருந்து கிணற்று விளிம்பு இருக்கும் உயரத்திலிருந்து அதைக் கழித்து, அதேபோல் கடல்மட்டத்திலிருந்து பார்த்த ஏரி மட்டத்தோடு ஒப்பிடுங்கள். போர்வெல்லைத் தனியாகத்தான் அளக்க வேண்டும்.