கணக்கில் வராத வெயில்

கம்பளிச் சட்டைகளை எல்லாம் எடுத்து உதறி, மேல்தட்டில் கைக்கு எட்டுகிற மாதிரி அடுக்கி முடித்தேன். மறுநாளே வெயில் திரும்பி வந்துவிட்டது. இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. இலையுதிர் காலம் பாதி கழிந்து, மரங்களில் பாதி மஞ்சளும் பாதி வெறுங்கிளையுமாக நிற்கிறது. ஆனாலும் மதியம் ஒரு மணிக்கு வாசலில் நாற்காலி போட்டு அரைக்கைச் சட்டையோடு உட்கார முடிகிறது. ஒன்பது நாளும் உட்கார்ந்தேன். வேலை இல்லாமல் இல்லை, நிறையவே கிடக்கிறது.

வருஷத்திலேயே நல்ல வானிலை எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். கோடைக்கு நாம் முன்கூட்டியே ஏகப்பட்ட ஏற்பாடு செய்துவிடுகிறோம். விடுப்பு எழுதிக் கொடுத்து, பயணம் பதிவு செய்து, ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொன்றையும் யாருக்காவது வாக்குக் கொடுத்து வைக்கிறோம். அதில் ஒரு நாள் மழை பெய்துவிட்டால் கைக்காசைப் பறிகொடுத்த மாதிரி முகம் தொங்கிப்போகும். வசந்தத்தின் முதல் வெயிலோ கையில் வேலைப்பட்டியலோடுதான் வரும்: ஜன்னலைத் துடை, மண்ணைக் கிளறு, உடம்பைக் குறை. இந்த வெயிலை நம்பி யாரும் எதுவும் திட்டமிடவில்லை. அதனால் இதை வீணாக்கிவிட்டோமே என்ற குறுகுறுப்பும் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தாலும் லாபக்கணக்குதான்.

இன்னொரு விஷயமும் பிடித்திருக்கிறது. இந்தச் சூட்டில் பெரும்பங்கு இன்றைய சூரியன் கொடுத்தது கிடையாது. பூமியின் வட பாதியில் அக்டோபர் 20 அன்று நண்பகலில் சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்குமோ, பிப்ரவரி 20 வாக்கிலும் அவ்வளவு உயரத்தில்தான் நிற்கும். பகலின் நீளமும் ஏறக்குறைய அதேதான். பிப்ரவரியில் யாராவது அரைக்கையோடு வெளியே உட்காருவார்களா? வித்தியாசம் காலுக்குக் கீழே இருக்கிறது. கோடை முழுக்க மண்ணும் கடலும் வாங்கி வைத்த சூடு இன்னும் தீரவில்லை. கடல்நீர் தன் உச்சச் சூட்டைத் தொடுவதே பல இடங்களில் ஆகஸ்ட் கடைசியில், இல்லாவிட்டால் செப்டம்பரில்தான். இதற்கு மேல் ஓர் உயர் அழுத்த மண்டலம் வந்து நகர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். மேலே இருக்கும் காற்று மெல்ல இறங்கும், இறங்க இறங்க அழுந்திச் சூடேறும், மேகம் கரைந்துபோகும். அதன் ஓரமாகத் தெற்கிலிருந்து வெதுவெதுப்பான காற்றும் உள்ளே வந்தால் நமக்கு இப்படி ஒரு வாரம், பத்து நாள் கிடைக்கிறது.

இரவில் மூடிக்கொள்ள மேகம் இல்லாததால் தரை தன் சூட்டை எல்லாம் வானத்துக்கு விட்டுவிடுகிறது. அதனால்தான் விடியும்போது மூடுபனி. எட்டு மணிக்கு எதிர்வீட்டுக் கூரை தெரிவதில்லை. ஒன்பதரைக்கு ஒரு வெள்ளைத் தட்டு மாதிரி சூரியன் தெரியும், கண்கூசாமல் பார்க்கலாம். பதினொன்றுக்குள் எல்லாம் விலகி, புல் நுனிகளில் மட்டும் ஈரம் மிச்சம் இருக்கும். காலையில் இரண்டு சட்டை, மதியம் ஒன்று, ஐந்து மணிக்கு மறுபடி இரண்டு. கழற்றி மாட்டியே நாள் போகிறது.

காற்றே இல்லாத காலையில் இலை உதிர்வதைக் கேட்டிருக்கிறீர்களா? காம்படியில் மரம் ஏற்கனவே ஒரு மெல்லிய திசுவை வளர்த்து இலையைத் துண்டித்து வைத்திருக்கும். நூல் அளவுக்குத்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். இரவுப்பனி அந்த ஒட்டையும் தளர்த்திவிட்டால், வெயில் பட்டதும் ஒவ்வொன்றாக விழும். கீழே காய்ந்து கிடப்பதன்மேல் விழும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம், கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொன்று. போன செவ்வாய்க்கிழமை இதைக் கேட்டுக்கொண்டே ஒரு போன் அழைப்பைத் தவறவிட்டேன். வருத்தமில்லை.

சிவப்பு இலைகள் இந்த வருஷம் இவ்வளவு எடுப்பாக இருப்பதற்கும் இந்த வானிலைதான் காரணம். பச்சையம் சிதைந்து மறைந்ததும் மஞ்சள் தானாக வெளியே தெரியும், அது முன்பே இலைக்குள் இருந்ததுதான். சிவப்பை மட்டும் இலை தன் கடைசி நாட்களில் புதிதாகத் தயாரிக்கிறது. பகலில் நல்ல வெயில் அடித்தால் சர்க்கரை சேரும். உறையாத அளவுக்கு இரவு குளிர்ந்தால் அது இலைக்குள்ளேயே தங்கிச் சிவப்பு நிறமியாகும். மேகமும் மழையுமாகக் கழிந்த வருஷங்களில் எல்லாம் ஒரே பழுப்புதான்.

இந்த மாதிரி நாட்களுக்குப் பல மொழிகளில் தனிப்பெயர் உண்டு. ஆங்கிலத்தில் ‘இந்தியன் சம்மர்’. முதன்முதலில் கேட்டபோது கத்திரி வெயிலைத்தான் ஏதோ சொல்கிறார்கள் என்று நினைத்தேன்! அமெரிக்கப் பழங்குடிகளை ‘இந்தியர்’ என்றழைத்த காலத்துச் சொல் அது, 1778 வாக்கிலேயே எழுத்தில் இருக்கிறது. ரஷ்யர்களுக்கு இது ‘பெண்களின் கோடை’. ஜெர்மானியர்கள் ‘கிழவிகளின் கோடை’ என்பார்கள். இந்தப் பெயர் தன்னை அவமதிக்கிறது என்று ஒரு மூதாட்டி வானிலைத் துறைமேல் வழக்கே போட்டார். 1989-ல் டார்ம்ஷ்டாட் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. அந்தப் பெயருக்கும் கிழவிகளுக்கும் சம்பந்தமே இல்லை, ‘நெய்வது’ என்ற பழைய சொல்லிலிருந்து வந்தது, சிலந்தி நூலைத்தான் குறிக்கிறது என்றும் ஒரு விளக்கம் சொல்வார்கள். நம்முடைய ஆறு பெரும்பொழுதில் கூதிருக்கும் முன்பனிக்கும் இடம் உண்டு, இரண்டுக்கும் நடுவில் கோடை ஒருமுறை தலைகாட்டுவதற்குப் பெயர் இல்லை. தேவைப்படவில்லை போலிருக்கிறது.

சிலந்தி நூல் விளக்கம்தான் எனக்குச் சரி என்று படுகிறது. மொழியியல் காரணம் எதுவும் இல்லை, என் மணிக்கட்டில் ஒட்டியதால் சொல்கிறேன். சாய்ந்த வெயிலில் புல்வெளி முழுக்க வெள்ளி இழைகள். கடுகளவு குட்டிச் சிலந்தி ஒன்று நாற்காலியின் கைப்பிடி விளிம்புக்கு ஏறி, கால் நுனிகளில் எம்பி நின்று, வயிற்றைத் தூக்கி நூலை விட்டது. இரண்டு முறை ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் முறை ஆள் காணோம். காற்று அசையாத நேரத்தில் எப்படிக் கிளம்பியது? வளிமண்டலத்தின் மின்புலமும் இவற்றைத் தூக்கிவிடும் என்று 2018-ல் ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். 1832-ல் டார்வின் பயணம் செய்த கப்பலில், கரையிலிருந்து அறுபது மைல் தள்ளி, இப்படி ஆயிரக்கணக்கான சிலந்திகள் வந்து இறங்கின. என்னுடையது வேலியைத் தாண்டியிருந்தாலே பெரிய விஷயம்.

இதை எல்லாம் சொன்னால் இரண்டு வகை ஆட்கள் வந்துவிடுகிறார்கள்.

முதல் வகை, “இருங்க, இதுக்கெல்லாம் சேர்த்து வெச்சு வாங்கும்” என்பவர்கள். வானம் யாருக்கும் பற்றுவரவு எழுதுவதில்லை. ஒரு வார வெதுவெதுப்பை வைத்து ஜனவரி எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இவர்களுக்கு நல்ல சாப்பாட்டிலும் கல் கடிபட்டே ஆக வேண்டும், விடுங்கள்.

இரண்டாம் வகை ஆட்களை அப்படித் தள்ளிவிட முடியாது. “பூமி சூடாகிக்கொண்டிருக்கிறது, நீங்கள் ரசித்துக்கொண்டிருக்கிறீர்களா?” அவர்கள் பயம் நியாயமானது. இப்படிப்பட்ட நாட்கள் எப்போதும் வந்ததுதான், அந்தப் பழைய பெயர்களே சாட்சி. ஆனால் பூமியின் சராசரி வெப்பமே உயர்ந்துவிட்டதால் அதே உயர் அழுத்தம் இப்போது கொண்டுவரும் சூடும் அதிகம். உலக அளவில் 2023 செப்டம்பர், அதுவரை பதிவான செப்டம்பர்களிலேயே மிகச் சூடானது. முந்தாநாள் ஐவிக் கொடியின் பூக்களில் ஒரு வண்ணத்துப்பூச்சியைப் பார்த்தேன். குளிர்காலத்துக்கு என்று உடம்பில் சேர்த்த கொழுப்பை இந்தச் சூட்டில் பறந்தே தீர்த்துவிடும் பூச்சிகளும் உண்டு. அது எனக்குத் தெரிந்தும் இரண்டு நிமிஷம் அதன் சிறகையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டையும் ஒரே மனசில் வைத்துக்கொள்ளச் சிரமமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் நாற்காலியை விட்டு எழுந்து உள்ளே போய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் எந்தக் கடல் குளிரப்போகிறது? இந்த ஒன்பது நாளில் வீட்டு ஹீட்டரைத் தொடவே இல்லை, அதை வேண்டுமானால் வரவில் எழுதிக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை காற்று திசை மாறும், மழை வரும் என்று முன்னறிவிப்பு சொல்கிறது. இப்போது மணி மூன்றே கால். எதிர்வீட்டுக் கூரையின் நிழல் என் முழங்காலுக்கு வந்துவிட்டது. நாற்காலியை இரண்டடி தள்ளிப் போட்டுக்கொள்கிறேன், இன்னும் ஒரு முக்கால் மணி நேரம் தாங்கும்.