டீனா டர்னரோட காதைப் பத்தியும் கொஞ்சம் பேசுவோம்

அமெரிக்க ராக் பாடகி டீனா டர்னர் பத்தி எந்தப் பதிவைப் பார்த்தாலும் ரெண்டாவது பாராவுக்குள்ள அவங்க புருஷனும் பேண்ட் தலைவருமான ஐக் டர்னர் வந்துடுறார். புருஷன் அடிச்சான், 1976ல டல்லாஸ்ல ராத்திரியோட ராத்திரியா அந்தம்மா ஹோட்டலை விட்டு ஓடுனாங்க, கையில 36 சென்ட்தான் இருந்துச்சு, அப்புறம் 1984ல உலகத்தையே ஜெயிச்சுட்டாங்க, சுபம். நடந்தது அத்தனையும் உண்மை, அந்தக் கொடுமையை யாரும் மறக்கவும் கூடாது. ஆனா 76க்கும் 84க்கும் நடுவுல எட்டு வருஷம் கிடக்கே, அதை ஏன் ஒரே வரியில தாண்டிப் போறோம்? தைரியம் இருந்துச்சு ஜெயிச்சாங்கன்னு சொல்றது கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா தைரியத்தைப் பார்த்து யாரும் காசு குடுத்து ரெக்கார்டு வாங்குறதில்ல. என்னைப் பொறுத்தவரைக்கும் அவங்க ஜெயிச்சது அவங்க காதால, அடுத்தவங்க எழுதுன பாட்டை வாங்கி எங்க அடக்கணும் எங்க வெடிக்கணும்னு அவங்களுக்குத் தெரிஞ்ச கணக்கால, அப்புறம் எட்டு வருஷம் குனிஞ்ச தலை நிமிராம செஞ்ச வேலையால.

1960ல இருந்து வரேன். 'எ ஃபூல் இன் லவ்' பாட்டைப் பாட வேண்டிய ஆள் ஸ்டுடியோவுக்கு வரல, சரி டெமோவுக்கு, அதாவது மாதிரிப் பதிவுக்கு மட்டும் நீ பாடுன்னு இவங்களை நிக்க வெச்சாங்க, அதைக் கேட்ட ரெக்கார்டு கம்பெனிக்காரர் இந்தக் குரலையே வெச்சு வெளியிடுங்கன்னுட்டார். ஆனா அன்னா மே புல்லாக்ங்கிற அந்தப் பொண்ணுக்கு டீனா டர்னர்னு பேர் வெச்சதும் ஐக்தான், அந்தப் பேரைத் தன் சொத்தா பதிவு பண்ணி வெச்சுக்கிட்டதும் அவர்தான். இவ போயிட்டா இன்னொருத்தியைக் கூட்டிட்டு வந்து அதே பேர்ல மேடை ஏத்தலாம்ல. அதனாலதான் 1978ல விவாகரத்து முடிஞ்சப்போ, ரெண்டு கார் தவிர வேற எதுவும் வேண்டாம், பேர் மட்டும் எனக்கு வேணும்னு கேட்டு வாங்கிட்டு வந்தாங்க. இதைத் தியாகம்னு எழுதுறவங்களைப் பார்த்தா எனக்குக் கோவம்தான் வருது. அது பக்கா தொழில் முடிவுங்க! 18 வருஷம் அவங்க குரலை வெச்சுச் சம்பாதிச்ச பேரு அது. 2021ல அவங்க தன்னோட இசை உரிமைகளை பிஎம்ஜி கம்பெனிக்கு வித்தப்போ, அந்தப் பேரும் உருவமும் அந்த டீல்ல சேர்ந்துதான் போச்சு.

நடுவுல 1966ல ஒண்ணு நடந்துச்சு, அதுதான் முக்கியம். இசைத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் 'ரிவர் டீப் மவுண்டன் ஹை' பாட்டை ரெக்கார்டு பண்றார், ஐக் ஸ்டுடியோ பக்கமே வரக்கூடாதுன்னு அதுக்குத் தனியா 20,000 டாலர் குடுத்தாருன்னு சொல்வாங்க. டீனாகிட்ட ஸ்பெக்டர் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், கத்தாதீங்க, மெட்டை மட்டும் பாடுங்க. அதுவரைக்கும் ஐக் அவங்ககிட்ட கேட்டதெல்லாம் அலறல் மட்டும்தான். திரும்பத் திரும்ப அதே வரிகளைப் பாடி, வேர்வையில நனைஞ்சு, சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு பாடுனதா அவங்களே சொல்லியிருக்காங்க. இவ்வளவு பாடுபட்ட பாட்டு அமெரிக்க ஹிட் லிஸ்ட்ல 88வது இடத்தோட நின்னுபோச்சு, பிரிட்டன்ல 3வது இடம். கறுப்பர் ரேடியோ ஸ்டேஷன்ல இது பாப் பாட்டுன்னு போடல, வெள்ளைக்காரங்க ஸ்டேஷன்ல இது கறுப்பர் பாட்டுன்னு போடல. குரல்ல எந்தக் குறையும் இல்ல, ரேடியோக்காரங்க போட்டு வெச்சிருந்த கட்டங்கள்தான் கோளாறு. தன் பாட்டைக் கேக்குற ஜனங்க கடலுக்கு அந்தப் பக்கம் இருக்குங்கிறது அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு.

சரி, 1976க்கு வருவோம். டூர் நடுவுல கிளம்பிட்டதால கேன்சல் ஆன நிகழ்ச்சிகளுக்கெல்லாம் கேஸ் போட்டாங்க, அந்தக் கடன் இவங்க தலையில. அதை அடைக்க லாஸ் வேகாஸ் மேடை, ஹோட்டல் பால்ரூம், டிவி கேம் ஷோன்னு எது கிடைச்சாலும் போய் நின்னாங்க, சாப்பிட்டுக்கிட்டு இருக்கிற கூட்டத்துக்கு முன்னாடி பாடுனாங்க. 1978ல 'ரஃப்', 1979ல 'லவ் எக்ஸ்ப்ளோஷன்'னு ரெண்டு ஆல்பம், ரெண்டும் ஓடல. வயசு நாப்பது. ரெக்கார்டு கம்பெனிகள் கண்ணுக்கு அவங்க பழைய சரக்கு. ஆஸ்திரேலியாக்காரர் ரோஜர் டேவிஸ் மேனேஜரா வந்தப்புறம்தான் பேண்டை மாத்தி, பளபள டிரெஸ்ஸையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு, ராக் பாடகியாவே மறுபடி நிக்க வெச்சாங்க. நான் ராக்தான் பாடுவேன், பெரிய ஸ்டேடியத்தை நிறைப்பேன்னு அவங்க பிடிவாதமா இருந்தாங்க, அப்போ கறுப்பினப் பொம்பளைக்கு அந்த இடத்தை யாரும் குடுத்ததே இல்ல. கேபிடல் ரெக்கார்ட்ஸ்ல கையெழுத்துப் போட்டும் கம்பெனிக்குள்ள பல பேருக்கு நம்பிக்கை வரல. 1983ல நியூயார்க் வந்த பிரிட்டிஷ் ராக் நட்சத்திரம் டேவிட் போவி, இன்னைக்கு ராத்திரி எனக்குப் பிடிச்ச பாடகியைப் பார்க்கப் போறேன்னு சொல்லிட்டு ரிட்ஸ் கிளப்புக்குக் கிளம்ப, கம்பெனி பெரியவங்களும் பின்னாடியே போய்த்தான் தங்ககிட்ட யார் இருக்காங்கன்னே பார்த்தாங்க. நல்ல பாட்டுக்காரியை இன்னொரு நட்சத்திரம் கையைக் காட்டுனாத்தான் கண்ணுக்குத் தெரியும்னா அந்த இண்டஸ்ட்ரி எப்படிப்பட்டது பாருங்க.

இப்ப காதுக்கு வரேன். அல் கிரீன் பாடுன 'லெட்ஸ் ஸ்டே டுகெதர்' பாட்டை ஹெவன் 17 பேண்டோட மார்ட்டின் வேர் 1983ல இவங்களை வெச்சு மறுபடி பண்ணார். அல் கிரீன் அதைப் பட்டு மாதிரி பாடியிருப்பார், தொட முடியாத பாட்டு. டீனா ஆரம்பத்துல ட்ரம்ஸ் எதுவும் இல்லாம, அடியில சும்மா சின்தசைசர் ஓட, தனியா நிதானமா, கிட்டத்தட்ட பேசுற மாதிரி நுழைவாங்க, பீட் வர்றவரைக்கும் நம்மளை மூச்சுப் பிடிக்க வெச்சுட்டு அப்புறம்தான் விடுவாங்க. மெஷின் இசையோட அந்தக் கரகரப்புக் குரல் சேர்ந்தப்போ ரெண்டுமே புதுசா கேட்டுச்சு. பிரிட்டன்ல டாப் 10ல வந்துச்சு, அந்த ரெக்கார்டு அமெரிக்காவுக்கு இறக்குமதியாகி விக்க ஆரம்பிச்சதும்தான் கேபிடல் பதறிப்போய் உடனே ஆல்பம் வேணும்னு கேட்டுச்சு.

அந்த அவசரத்துல, வாரக்கணக்குல, இங்கிலாந்துல வெவ்வேற தயாரிப்பாளர்களை வெச்சு அடிச்சுப் பிடிச்சு முடிச்ச ஆல்பம்தான் 1984 மே மாசம் வந்த 'பிரைவேட் டான்சர்'. டைட்டில் பாட்டு மார்க் நாஃப்ளர் தன் டயர் ஸ்ட்ரெயிட்ஸ் பேண்டுக்காக எழுதுனது, ஆம்பளை பாடுனா ஒட்டாதுன்னு ஒதுக்கி வெச்சுட்டார். காசுக்கு ஆடுற ஒரு பெண்ணோட பாட்டு அது. அதை டீனா அழுது பாடல, ஆத்திரமாவும் பாடல, வேலை முடிஞ்சு போற ஆளோட அலுப்புல பாடியிருக்காங்க, அந்த அலுப்புதான் நெஞ்சைப் பிசையுது. ஹோட்டல் பால்ரூம்கள்ல நின்ன வருஷமெல்லாம் அந்தக் குரல்ல இருக்குன்னு நான் நம்புறேன்.

'வாட்ஸ் லவ் காட் டு டூ வித் இட்' அவங்களுக்குப் பிடிக்கவே இல்ல, ரொம்ப மென்மையான பாப் பாட்டா இருக்குன்னு வேண்டாம்னுதான் சொன்னாங்க. அவங்களுக்கு முன்னாடி பாடகர் கிளிஃப் ரிச்சர்டுகிட்ட போன பாட்டு, பக்ஸ் ஃபிஸ்ங்கிற பாப் குழு பாடி ரெக்கார்டு பண்ணி வெளிவராம கிடந்த பாட்டு. பிடிக்காத பாட்டை எடுத்து அதுல தன் சந்தேகத்தையே ஊத்திட்டாங்க. காதல் எல்லாம் எதுக்குன்னு கேக்குற பாட்டை இருபது வயசுப் பிள்ளை பாடுனா அது வெறும் பாவனை, 44 வயசுல அந்தக் கீழ் ஸ்தாயியில, கத்தாம, கொஞ்சம் கசப்போட அவங்க பாடுறப்போ அது சாட்சி சொல்ற மாதிரி கேக்குது. மூணு வாரம் அமெரிக்காவுல நம்பர் 1. அதுவரைக்கும் அந்த இடத்தைப் பிடிச்ச தனிப் பாடகிகள்லயே வயசுல மூத்தவங்க அவங்கதான். 1985ல ரெக்கார்டு ஆஃப் தி இயர் கிராமி. அமெரிக்காவுல மட்டும் 50 லட்சம் காப்பிக்கு மேல போன ஆல்பம் அது. வயசாயிடுச்சுன்னு கம்பெனிகள் ஒதுக்குச்சே, அந்த வயசைத்தான் காசு குடுத்து வாங்குனாங்க ஜனங்க.

1989ல வந்த 'தி பெஸ்ட்' பாட்டையும் சொல்லியாகணும். அது முதல்ல பானி டைலர் பாடுனது, 1988ல வந்து பெருசா போகல. டீனா கேட்டுட்டு, பாட்டு நல்லா இருக்கு ஆனா நடுவுல ஒரு பிரிட்ஜ், அதாவது மெட்டு மாறுற ஒரு துண்டு வேணும், ஸ்கேல் ஒரு படி மேல ஏறணும்னு எழுதுனவங்ககிட்ட கேட்டு வாங்குனாங்க. ரெண்டையும் அடுத்தடுத்து கேட்டுப் பாருங்க. டீனா பாட்டுல அந்த பிரிட்ஜ் முடிஞ்சு சுருதி ஏறுற இடத்துலதான் உடம்பு சிலிர்க்குது, அதுக்கப்புறம் சாக்ஸபோன் வந்து மிச்சத்தைப் பார்த்துக்குது. அந்த இடம் அவங்க காது கண்டுபிடிச்சது. பாட்டு எழுதாததால அவங்களை ஒரு படி கீழ வைக்கிற ராக் ரசிகர்கள் இதைக் கவனிக்கவே மாட்டேங்குறாங்க. அவங்களுக்கு எழுதவும் தெரியும், 'நட்புஷ் சிட்டி லிமிட்ஸ்' அவங்க எழுதுனதுதான்.

அமெரிக்கா மறுபடியும் மெல்ல விலகிடுச்சு. அதே 89 ஆல்பம் 'ஃபாரின் அஃபேர்' பிரிட்டன்ல நம்பர் 1, அமெரிக்காவுல 31வது இடம். அவங்க அதுக்காக உட்கார்ந்து அழல, ஐரோப்பாவுல ஸ்டேடியம் ஸ்டேடியமா பாடிட்டுப் போனாங்க. அதுக்கு முன்னாடியே 1988 ஜனவரியில ரியோவோட மரக்கானா ஸ்டேடியத்துல சுமார் 1,80,000 பேர் டிக்கெட் வாங்கி வந்து கேட்டிருந்தாங்க, அது அப்போ கின்னஸ் சாதனை. 2000த்துல 60 வயசு, அந்த வருஷம் வட அமெரிக்காவுல அதிக வசூல் பண்ண டூர் அவங்களோடது.

இவ்வளவும் பண்ணவங்களை, ராக் இசைக்காரங்களைக் கௌரவிக்கிற ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் 1991ல எப்படிச் சேர்த்துச்சு தெரியுமா? ஐக் அண்ட் டீனா டர்னர்னு ஜோடியா. விட்டுட்டு வந்து 15 வருஷம் கழிச்சு, தனியா உலகம் பூரா நிறைச்சுட்டு நிக்கிறவங்களை மறுபடி அவரோட சேர்த்துத்தான் எழுதுனாங்க. தனிப் பாடகியா அவங்களைச் சேர்த்தது 2021ல, அப்போ அவங்களுக்கு 81 வயசு, ரெண்டே வருஷத்துல சுவிட்சர்லாந்துல காலமாயிட்டாங்க. 30 வருஷம் தாமதம். அதுக்கு இன்னைக்கு வரைக்கும் எனக்கு மனசு ஆறல.