சேர்ந்த தேதி

சென்ற வாரம் ஒரு தம்பி தொலைபேசியில் அழைத்தார். சேலத்தில் ஒரு தொழிற்கூடத்தில் சம்பளக் கணக்கு எழுதுகிறார், வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை ஆண்டுதான் ஆகிறது. "அக்கா, ஏழு பேரைப் புது ஆட்களாகக் காட்டிப் பி.எஃப். பதிவு செய்யச் சொல்கிறார் முதலாளி. ஏழு பேருமே நான் வருவதற்கு முன்பிருந்தே இங்கே வேலை செய்கிறவர்கள். போடலாமா?"

போடாதே தம்பி. ஏன் என்று தொலைபேசியில் சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

2021 ஜனவரியில் நானும் இதே நாற்காலியில்தான் இருந்தேன். அப்போது நடைமுறையில் இருந்தது ஆத்மநிர்பார் பாரத் ரோஜ்கார் திட்டம். ஊரடங்கில் நொறுங்கிப்போன வேலைவாய்ப்பைத் திரும்ப உயிர்ப்பிக்க வந்த நல்ல திட்டம் அது. 2020 அக்டோபர் 1க்குப் பிறகு புதிதாக வேலைக்கு எடுக்கப்படும் ஆளுக்கு மாத ஊதியம் 15,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால், இரண்டு ஆண்டுகளுக்குப் பி.எஃப். பணத்தை மத்திய அரசே செலுத்தும். ஆயிரம் பேர் வரை உள்ள நிறுவனங்களுக்குத் தொழிலாளியின் 12 சதவீதம், முதலாளியின் 12 சதவீதம் இரண்டுமே அரசின் பொறுப்பு.

நான் வேலை பார்த்த நூற்பாலையில், நூலைக் கூம்பு உருளைகளில் சுற்றும் கோன் வைண்டிங் பிரிவில் ஐந்து பெண்கள் பி.எஃப். இல்லாமலேயே பல ஆண்டுகளாக வேலை செய்துகொண்டிருந்தார்கள். அரசுக் கணக்கில் அவர்கள் பெயரே இல்லாததால், புது ஆட்கள் என்று காட்டுவது மிகச் சுலபம். முதலாளியின் டிஜிட்டல் கையொப்பச் சாவி என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. சேர்ந்த தேதி என்ற கட்டத்தில் ஐந்து பேருக்கும் 2021 ஜனவரி என்று தட்டச்சு செய்தவள் நான்தான். இன்றுவரை அது என்னை உறுத்துகிறது.

அரசுப் பணத்தை ஏமாற்றியதோடு முடிந்திருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது. அந்த ஐவரின் சம்பளத்திலும் 12 சதவீதம் பிடித்தார்கள்! 12,000 ரூபாய் சம்பளத்தில் மாதம் 1,440 ரூபாய். அரசு கட்டிவிட்ட பங்கை மறுபடியும் அந்தப் பெண்களிடமிருந்து வாங்கி நிறுவனம் வைத்துக்கொண்டது. பி.எஃப். அலுவலகத்துக்குப் போகும் மாதாந்திரச் சலானில் அவர்கள் பங்கை அரசே கட்டியதாக இருந்தது, சம்பளச் சீட்டில் பிடித்தம் என்று இருந்தது. இந்த இரண்டு தாள்களையும் சேர்த்துப் பார்க்கிற ஆள் ஆலையில் ஒருவர்தான், சம்பளக் கணக்கு எழுதுகிறவர். தொழிலாளிக்குச் சலான் தெரியாது. பி.எஃப். அலுவலகத்துக்குச் சம்பளச் சீட்டு தெரியாது.

நான்காவது மாதம் முதலாளியிடம் போய், "ஐயா, இந்தப் பிடித்தத்தை எழுத்தில் உத்தரவாகக் கொடுங்கள், இல்லையென்றால் என்னால் சம்பளம் போட முடியாது" என்றேன். "ஏம்மா, உனக்குச் சம்பளம் கொடுப்பது நானா, பி.எஃப். ஆபீசா?" என்று கேட்டார். எழுத்தில் மட்டும் கொடுக்கவில்லை. கொடுக்கவும் மாட்டார்கள். அடுத்த சம்பளத்தோடு நான்கு மாதப் பிடித்தம் 5,760 ரூபாய் ஒவ்வொருவருக்கும் திரும்ப வந்தது. நானும் அதோடு வெளியேறினேன். ஆனால் சேர்ந்த தேதி திருத்தப்படவே இல்லை.

எங்கள் தொழிலில் பலர் சொல்லும் பதில் எனக்குத் தெரியும்: "சொன்னதைப் போடு, நமக்கெதற்கு வம்பு?" வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் அப்படிச் சொல்ல வைக்கின்றன, நான் பழிக்கவில்லை. ஆனால் அந்த ஒரு கட்டத்தில் பொய்த் தேதி விழுந்தால் என்ன போகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். ஒன்பது ஆண்டுச் சேவைக்கு, 12,000 ரூபாய் சம்பளத்தில், வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கும் பணிக்கொடை (கிராஜுவிட்டி) மட்டும் 62,000 ரூபாய்க்கு மேல் வரும். தேதி மாறினால் அந்த ஒன்பது ஆண்டுகள் ஏட்டில் நடக்கவே இல்லை.

இப்போது வந்திருப்பது பிரதான் மந்திரி விக்சித் பாரத் ரோஜ்கார் திட்டம். 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரை சேருகிறவர்களுக்கானது. முதல்முறை பி.எஃப்.பில் சேரும் தொழிலாளிக்கு ஒரு மாத ஊதியம், 15,000 ரூபாய் வரை, இரண்டு தவணைகளில். கூடுதல் ஆள் எடுக்கும் முதலாளிக்கு ஒவ்வொருவருக்கும் மாதம் 3,000 ரூபாய் வரை. முக அடையாளச் சரிபார்ப்பு வந்துவிட்டதால் இல்லாத ஆளை இருப்பதாகக் காட்டுவது கடினமாகிவிட்டது. ஆனால் பத்து ஆண்டு வேலை செய்தவரின் முகமும் நேற்று வந்தவரின் முகமும் கேமராவுக்கு ஒன்றுதான். பதிவாகும்போதே "நீங்கள் இந்தத் தேதியில் வேலைக்குச் சேர்ந்தீர்களா?" என்று தொழிலாளியின் கைப்பேசிக்குத் தமிழில் ஒரு கேள்வி போகட்டும், அவர் ஆம் என்றால்தான் பதிவு ஏற்கப்படட்டும். இதைச் செய்ய அரசுக்கு என்ன தடை?

விடுபட்டவர்களை நேர்மையாகச் சேர்க்க வழியே இல்லை என்று எந்த முதலாளியும் சொல்ல முடியாது. 2017இல் அதற்கென்றே ஒரு சிறப்பு இயக்கம் நடந்தது. ஆண்டுக்கு ஒரு ரூபாய்தான் அபராதம். 2025 நவம்பரிலும் அப்படி ஒரு திட்டம் தொடங்கப்பட்டது.

தம்பி, உன் முதலாளியிடம் முதலில் இதை எடுத்துச் சொல். கேட்கவில்லையென்றால் எழுத்தில் கேள். அந்த ஏழு பேரிடமும் உண்மையைச் சொல்.

அந்த ஐவரில் ஓர் அக்காவிடம் நான் விஷயத்தைச் சொன்ன நாள் நினைவிருக்கிறது. "ஏன் கண்ணு, அப்படியென்றால் நான் இத்தனை நாள் எங்கே இருந்தேனாம்?" என்று கேட்டார். அப்போது அவருக்கு ஐம்பது வயது. 2029இல் 58 ஆகும்போது பி.எஃப். கணக்கில் எட்டு ஆண்டுகள்தான் இருக்கும். மாத ஓய்வூதியத்துக்குப் பத்து ஆண்டுகள் வேண்டும். உண்மைத் தேதிப்படி பதினேழு ஆண்டுகள் வந்திருக்க வேண்டியவர் அவர்.

தீபாவளி போனஸ் நோட்டில் 2012 முதல் அவருடைய கையெழுத்து ஆண்டு தவறாமல் இருக்கிறது. ஆலையை விட்டு வரும் முன் அந்தப் பக்கங்களை நான் கைப்பேசியில் படம் எடுத்து வைத்தேன். வருகிற திங்கட்கிழமை அவற்றை அச்செடுத்துக்கொண்டு, அக்காவோடு பி.எஃப். அலுவலகத்துக்குப் போகிறேன்.