பெட்டியோட அந்த பஸ்ஸுல ஏறாதீங்க!

மூணு பஸ். நான் இருக்கிறது ஜப்பான்ல, கியோட்டோவுல. இன்னைக்குக் காலையில எங்க உமமாச்சி நிறுத்தத்தைத் தாண்டி 206-ம் நம்பர் பஸ் மூணு நிக்காமலே போச்சு. என் பக்கத்துல நின்னது எங்க தெருப் பாட்டி, எண்பதைத் தாண்டினவங்க. 10 மணிக்கு ஆஸ்பத்திரியில இருக்கணும். பஸ் தூரத்துல தெரிஞ்சதும் முதியோர் பாஸை பர்ஸுல இருந்து எடுத்துக் கையில பிடிச்சுக்கிறாங்க. பஸ் போனதும் திரும்ப உள்ள வைக்கிறாங்க. அடுத்தது வந்தா மறுபடி எடுக்கிறாங்க. மூணு தடவையும் இதே கதை. அவங்க வாயில இருந்து ஒரு வார்த்தை வரலை. எனக்குத்தான் வயிறு எரிஞ்சுது.

டிரைவரைச் சொல்லிக் குத்தமில்லை. கதவுக் கண்ணாடியில முகம் ஒட்டிக்கிட்டு ஆள் நிக்கிறப்போ அவர் யாரை எங்க ஏத்துவார்? நாலாவது பஸ்ஸுல எப்படியோ நுழைஞ்சோம். உள்ள பார்த்தா ஆளுங்களைவிடப் பெட்டிங்கதான் இடத்தை அடைச்சிருக்கு. சக்கர நாற்காலிக்குன்னு விட்டிருக்கிற இடத்துல இடுப்பளவு உசரத்துக்கு மூணு சூட்கேஸ். பாட்டி ஒரு கையால கம்பியைப் பிடிச்சிருக்காங்க. இன்னொரு கையால, உருண்டு உருண்டு வந்து முழங்கால்ல இடிக்கிற யாரோட பெட்டியையோ தள்ளிப் பிடிச்சிருக்காங்க. பெட்டிக்குச் சொந்தக்காரர் ஜன்னல் வழியா வீடியோ எடுத்துக்கிட்டு இருக்கார்!

அடுத்த நிறுத்தம் கோஜோஸாக்கா. கியோமிஸு கோயிலுக்குப் போற பாதிக் கூட்டம் அங்கதான் இறங்கும். இந்த ஊர் பஸ்ஸுல பின்பக்கம் ஏறி, முன்பக்கம் டிரைவர்கிட்ட இருக்கிற பெட்டியில காசு போட்டுட்டு இறங்கணும். கட்டணம் 230 யென். அந்தக் காசுப் பெட்டி மீதி தராது. சில்லறை மாத்துற மெஷின் 1000 யென் நோட்டைத்தான் எடுக்கும். இது தெரியாம ஒருத்தர் 10,000 யென் நோட்டை நீட்டிக்கிட்டு நிக்கிறார். பின்னால முப்பது பேர். ரயில்வே கார்டு ஒண்ணு வாங்கித் தட்டியிருந்தா ஒரு நொடியில முடிஞ்சிருக்கும். பாட்டி ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தப்போ மணி பத்தே முக்கால்.

எனக்குக் கோபம் ஊர் பார்க்க வர்றவங்க மேல இல்லை. வரட்டும், தாராளமா வரட்டும். 794ல தலைநகராக் கட்டின ஊர், பார்க்க வேண்டிய ஊர்தான். என் கோபமெல்லாம் "கியோட்டோ ஸ்டேஷன்ல இறங்கு, 206ஐப் பிடி"ன்னு எல்லாருக்கும் ஒரே வழியைச் சொல்லிக் குடுக்கிறவங்க மேல. எந்த வீடியோவைத் திறந்தாலும் இதே பாட்டு. இவங்கள்ல ஒருத்தராவது காலை எட்டரை மணிக்கு உமமாச்சியில நின்னு பார்த்திருப்பாங்களா?

வேற வழியா இல்லை? கியோட்டோ ஸ்டேஷன்ல இருந்து ஜேஆர், அதாவது ஜப்பான் ரயில்வேயோட நாரா லைன்ல ஒரே ஒரு ஸ்டாப், தோஃபுகுஜி. அங்க கெய்ஹான்ங்கிற தனியார் ரயிலுக்கு மாறினா கியோமிஸு-கோஜோ, அடுத்தது கியோன்-ஷிஜோ. ரெண்டுல எதுல இறங்கினாலும் இருபது, இருபத்தஞ்சு நிமிஷம் நடந்தா கியோமிஸு கோயில். எந்த டிராஃபிக்லயும் மாட்ட மாட்டீங்க. ஃபுஷிமி இனாரி கோயிலுக்கு பஸ்ஸே வேண்டாம், அதே நாரா லைன்ல ரெண்டாவது ஸ்டாப், ஸ்டேஷனை விட்டு வெளிய வந்தா எதிர்லயே வாசல். மூங்கில் காடு இருக்கிற அராஷியாமாவுக்கும் ரயில் இருக்கு, நிஜோ கோட்டைக்கு சப்வே, அதாவது சுரங்க ரயில் இருக்கு. கிங்காகுஜி, அந்தத் தங்கக் கோயிலுக்கு மட்டும் பக்கத்துல ரயில் கிடையாது. அதுக்கும் கிதாஓஜி வரைக்கும் சப்வேல போய், அங்க பஸ் மாறினா போதும்.

ஒரு காலத்துல இந்த ஊர் முழுக்க டிராம் ஓடிச்சு. ஜப்பான்லயே முதல்முதலா மின்சார டிராம் பொதுமக்களுக்கு ஓடினது 1895ல, இங்கதான். கார் பெருகினதும் தண்டவாளத்தையெல்லாம் பிடுங்கி, நகராட்சி டிராமை 1978ல மொத்தமா மூடிட்டாங்க. அதை நினைச்சாலே மனசு ஆற மாட்டேங்குது. பதிலுக்குக் கிடைச்சது ரெண்டே ரெண்டு சப்வே லைன், ஒண்ணு 1981ல, இன்னொண்ணு 1997ல. எங்க தோண்டினாலும் பழைய தலைநகரத்தோட மிச்சம் வெளிய வர்ற ஊர்ல இன்னொரு சுரங்கம் லேசுல வராது. மலையடிவாரத்துல குடியிருக்கிற எங்களுக்கு பஸ்ஸை விட்டா நாதியில்லை.

நகராட்சியும் சும்மா இல்லை. 700 யென் கொடுத்து நாளெல்லாம் பஸ்ஸுல சுத்துற பாஸை 2023 செப்டம்பரோட விக்கிறதை நிறுத்திட்டாங்க. 2024 ஜூன்ல இருந்து சனி, ஞாயிறு, விடுமுறை நாட்கள்ல கோயில்களுக்குன்னே தனி எக்ஸ்பிரஸ் பஸ், 500 யென். 1100 யென் சப்வே-பஸ் பாஸ் இருந்தா அதுலயே ஏறிக்கலாம். சரி, ஆஸ்பத்திரிக்குப் போற செவ்வாய்க்கிழமைக்கு என்ன பண்றது?

நம்ம ஆளுங்களும் இதுல விதிவிலக்கு இல்லை. அடுத்த வாரம் கோயம்புத்தூர்ல இருந்து ஒரு குடும்பம் வருது, நாலு பேர், ஆறு பெட்டி. திட்டத்தை வாட்ஸப்புல அனுப்பியிருந்தாங்க: "காலை 9 மணி, 206, கியோமிஸு." நேத்து ராத்திரியே போனைப் போட்டு ஒரு மணி நேரம் பேசினேன். ஸ்டேஷன்லயே லாக்கர் இருக்கு, ஹோட்டலுக்குப் பெட்டியைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற கவுன்டரும் இருக்குன்னு சொன்னேன். "செலவாகுமே"ன்னாங்க. அந்தச் செலவை நான் கொடுக்கிறேன்னு சொல்லிட்டேன். அன்னைக்குக் காலையில ஸ்டேஷனுக்கு நானே போய் நின்னு, பெட்டியை ஒப்படைச்சுட்டு, நாலு பேரையும் நாரா லைன்ல ஏத்திவிடப் போறேன்.