ஸ்விஃப்டுக்கு முதல் செலவு டயரில்தான்

மாருதி ஸ்விஃப்ட் காரில் எதை முதலில் மாற்றலாம் என்பதற்கு, முதலில் லோயரிங் ஸ்பிரிங் (வண்டியின் உயரத்தைக் குறைக்கும் ஸ்பிரிங்), அப்புறம் எக்ஸாஸ்ட் (புகைக்குழாய்), கடைசியில் டயர் என்று வரிசை சொல்லியிருக்கிறீர்கள். நான் டயரில்தான் தொடங்கச் சொல்வேன். என் வண்டியில் 185/65 ஆர்15 அளவு டயரைக் கழற்றி, 10 மில்லிமீட்டர் அகலம் கூடிய 195/60 ஆர்15 போட்டேன். வெளிவிட்டம் 1 சதவீதம்தான் குறைகிறது, ஸ்பீடோமீட்டர் பெரிதாகப் பொய் சொல்லாது. வளைவில் பிடிமானம் முதல் நாளே தெரிந்தது. லோயரிங் ஸ்பிரிங்கும் போட்டுப் பார்த்தவன்தான். சும்மா சொல்லக்கூடாது, வண்டி நிற்கும்போது அம்சமாக இருந்தது. நாலு பேர் ஏறினால் தெருமுனை வேகத்தடையில் அடிப்பக்கம் கரகரவென்று உரசும். மூன்றே மாதத்தில் பழைய ஸ்பிரிங்கே திரும்பி வந்தது. எக்ஸாஸ்டா? டர்போ இல்லாத 1.2 லிட்டர் எஞ்சினில் பின் மஃப்ளரை (புகைக்குழாயில் சத்தத்தை அடக்கும் பெட்டியை) மட்டும் மாற்றினால் கூடுவது சத்தம்தான். ஒலி வரம்பைத் தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-இன்படி 10,000 ரூபாய் வரை அபராதம் வேறு. பக்கத்து வீட்டுக் குழந்தையும் தூங்க வேண்டாமா?