அது தானா வரும்ல?

“பாஸ்வேர்டா? அது தானா வரும்ல மாப்ள!”

சொல்லிவிட்டு மாமா மறுபடியும் பேப்பரை விரித்துக்கொண்டார். ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து சென்னையிலிருந்து கும்பகோணம் வந்து, முகம் கழுவி, ஒரு காபி குடித்து, லேப்டாப்பைத் திறந்து நான் கேட்ட முதல் கேள்விக்கு வந்த பதில் அது. குடும்பத்தில் ‘கம்ப்யூட்டர் தெரிஞ்ச பையன்’ என்று பெயர் வாங்கிய எல்லாருக்கும் இந்தப் பதில் மனப்பாடமாக இருக்கும், அதனால் விளக்கப்போவதில்லை. தானா வருமாம். காவிரியில் தண்ணீர் தானா வருகிறதா? மேட்டூரில் மதகைத் தூக்கினால்தானே வருகிறது, அறுபத்தெட்டு வருஷமாக அந்தக் காவிரிக் கரையில் இருக்கிற மனுஷனுக்கு இது தெரியாதா?

கதை இதுதான். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது என்ற செய்தி, வாக்கிங் நண்பர் ஒருவர் மூலமாகப் பல மாதம் தாமதமாக மாமாவை வந்தடைந்திருக்கிறது. வந்தடைந்த வடிவம்: “உங்க லேப்டாப் செத்துப்போச்சு சார்.” உடனே எனக்குப் போன். லேப்டாப் சாகவில்லை, விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் அதில் இருக்கிறது, ரேமும் போதும். இருப்பதை அழிக்காமல் அப்படியே மேலேயே ஏற்றியிருக்கலாம். ஆனால் அதில் மூன்று வருஷக் குப்பை, ஒரு பிடிஎஃப் திறப்பதற்குள் இட்லி வெந்துவிடும், அதனால் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடலாம் என்று முடிவெடுத்தது நான்தான். அது என் தப்பு. ஒப்புக்கொள்கிறேன். இன்றைக்கு அதற்கு மேல் நியாயம் பேசுகிற மனநிலையில் இல்லை.

ஏன் இவ்வளவு பயம் என்றால், மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே லேப்டாப்பை மாமா ஒரு கடையில் கொடுத்து ஃபார்மட் பண்ணினார். “எல்லாம் பேக்கப் எடுத்தாச்சு சார்” என்று சொல்லி ஒரு பென்டிரைவைக் கையில் கொடுத்தார்கள். நான் அப்புறம் திறந்து பார்த்தேன். ‘குரோம் பேக்கப்’ என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் ஒரே ஒரு கோப்பு. டெஸ்க்டாப்பில் இருந்த குரோம் ஐகான். ஷார்ட்கட்! இரண்டே கேபி! வீட்டுச் சாவியைக் கேட்டால் வீட்டு விலாசத்தை எழுதிக் கொடுத்த மாதிரி. கரண்ட் பில், ரயில் டிக்கெட், பென்ஷன், பேங்க் என்று ஒவ்வொன்றாக ‘பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா’ அழுத்தி, ஓடிபிக்குக் காத்திருந்து, மாமா மீண்டு வர இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதமும் ஓடிபி வருகிற போது என்னையும் லைனில் வைத்திருந்தார், துணைக்கு.

அந்தக் கடைக்காரர் கெட்டிக்காரராக இருந்து குரோமின் ஃபோல்டரையே முழுசாக நகல் எடுத்திருந்தாலும் பாஸ்வேர்ட் தேறியிருக்காது என்பது தனி வயிற்றெரிச்சல். அதில் பாஸ்வேர்ட் இருக்கும் கோப்பு விண்டோஸ் கணக்கோடு சேர்த்துப் பூட்டப்பட்டது. கணக்கைத் துடைத்துவிட்டால் கோப்பு இருக்கும், திறக்க ஆள் இருக்காது. ஃபயர்பாக்ஸ் என்றால் லாகின்ஸ் ஜேசன், கீ4 டிபி என்ற இரண்டு கோப்புகளையும் சேர்த்து எடுத்துவைத்தால் பிழைத்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் எடுத்தால் பிரயோஜனமில்லை. மாமா வைத்திருப்பது குரோம். ஆகவே துடைப்பதற்கு முன்னாலேயே, உயிரோடு இருக்கும்போதே, வாக்குமூலம் வாங்கியாக வேண்டும்.

முதலில் வைஃபை. பாஸ்வேர்ட் என்ன மாமா? “கனெக்‌ஷன் குடுத்த பையன் போட்டான்.” என்ன போட்டான்? “அவனைத்தான் கேக்கணும்.” அவன் எங்கே? “திருப்பூர் போயிட்டானாம்.” ரூட்டரைத் திருப்பி அடியில் இருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்தேன். அத்தை வெள்ளிக்கிழமைதோறும் டிவியோடு சேர்த்து ரூட்டரையும் ஈரத்துணி போட்டுத் துடைக்கிறவர். நாலு வருஷத் துடைப்பில் ஸ்டிக்கரில் மிஞ்சியிருந்தது ‘12 வோல்ட்’ மட்டும். போனில் க்யூஆர் காட்டுமே என்று சொல்ல வருகிறீர்கள், தெரியும். மாமாவிடம் இருப்பது பட்டன் போன். ஸ்மார்ட்போன் அத்தையோடு கும்பேஸ்வரர் கோயிலுக்குப் போயிருந்தது.

சரி என்று, கட்டளைகளை அடிக்கிற கமாண்ட் பிராம்ப்ட் என்ற கறுப்புத் திரையைத் திறந்தேன். நெட்எஸ்எச் டபிள்யூலேன் ஷோ புரொஃபைல் என்று அடித்து, வைஃபையின் பெயரைக் கொடுத்து, வாலில் கீ ஈக்வல் கிளியர் என்று சேர்த்தால் ‘கீ கன்டென்ட்’ என்ற வரியில் பாஸ்வேர்ட் பட்டவர்த்தனமாக வந்து நிற்கும். ஷோவுக்குப் பதில் எக்ஸ்போர்ட் போட்டால் எக்ஸ்எம்எல் கோப்பாகவே எழுதித் தந்துவிடும், புது விண்டோஸில் அதைத் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். அதிலும் அந்த கீ கிளியரை மறந்துவிட்டால் கோப்பு வரும், உள்ளே பாஸ்வேர்ட் பூட்டியே இருக்கும். பூட்டிய பெட்டியைச் சுமந்துகொண்டு ஊர் மாறுகிற கதைதான். ஒருமுறை பட்டிருக்கிறேன்.

அடித்தேன். வந்தது.

ஒரு பெண்ணின் பெயர். பக்கத்தில் 143.

சரியாக அந்த நொடியில்தான் அத்தை கோயிலிலிருந்து வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என் தோளுக்குப் பின்னால் நின்று வாய்விட்டுப் படித்தார். அப்புறம் கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

“ஏங்க, யாருங்க இது?”

“எனக்கென்ன தெரியும், அந்தப் பையன் போட்டது.”

“அவன் போட்டான் சரி. நாலு வருஷமா நீங்க ஏன் மாத்தலை?”

“என்ன போட்டான்னே தெரியாதே! அது தானா வரும்!”

வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வாக்கியம் மாமாவையே திருப்பி அடித்ததைப் பார்த்தேன். அந்த ஒரு நிமிஷம் எனக்குப் பரம சந்தோஷம்.

லேப்டாப்பின் ஐபி, டிஎன்எஸ் என்கிற நெட்வொர்க் விலாசங்களெல்லாம் ஐபிகான்ஃபிக் ஆல் போட்டுப் போனில் ஒரு போட்டோ, அவ்வளவுதான், முடிந்தது. அடுத்து வந்ததுதான் நரகம்.

குரோமில் சேமித்தவை அறுபத்தொன்று. எல்லாம் புள்ளி புள்ளியாக இருக்கின்றன. கண் படத்தை அழுத்தினால் ‘நீங்கள்தானா?’ என்று விண்டோஸ் கேட்கிறது. பின் நம்பரைக் கொடு, இல்லை விரலை வை.

“மாமா, பின் என்ன?”

“ஏடிஎம் பின்னா?”

“இல்ல மாமா, லேப்டாப் பின்.”

“லேப்டாப்புக்கு எதுக்குடா பின்? நான் விரல் வச்சுத்தானே தெறக்கறேன்.”

“விரல் செட் பண்ணும்போது பின்னும் ஒண்ணு போட்டிருப்பீங்களே.”

யோசித்தார். முகத்தில் வெளிச்சம். “ஆமா! எழுதி வச்சேனே! காலண்டர் அட்டைக்குப் பின்னாடி!” சுவரைப் பார்த்தேன். தினசரி காலண்டர், இந்த வருஷத்தது. போன வருஷத்து அட்டை எங்கே என்று கேட்டேன். அத்தை அமைதியாகச் சொன்னார்: “பழைய பேப்பர்காரன்ட்ட போட்டாச்சு தம்பி.”

சரி, விரல். வலது கட்டை விரல்: இல்லை. ஆள்காட்டி: இல்லை. எந்த விரலைப் பதிந்தோம் என்று மாமாவுக்கு ஞாபகம் இல்லை, ஏனென்றால் காலையில் கை தானாகப் போகுமாம், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் போகாதாம். நடுவிரல். மோதிர விரல். விரலைத் துடைத்துவிட்டு மறுபடி கட்டை விரல். கண்ணாடியைக் கழற்றிவிட்டு வைத்துப் பார்த்தார், ஏன் என்று கேட்க எனக்குத் தெம்பில்லை. ஆறாவது தடவை அழுத்தின அழுத்தில் லேப்டாப்பே பின்னால் நகர்ந்தது. கொஞ்ச நேரம் விட்டுவிடச் சொன்னேன். விட்டோம். மறுபடி இல்லை. கடைசியில் அத்தைதான், அரிசியைக் களைந்தபடியே, ரேஷன் கடை வரிசையில் பெற்ற ஞானத்தை அருளினார்: “தலையில தேச்சுட்டு வைங்க.” மாமா கட்டை விரலைத் தலைமுடியில் மூன்று தடவை தேய்த்து வைத்தார்.

திறந்துகொண்டது. கோடிக்கணக்கில் செலவு செய்து உருவாக்கிய பாதுகாப்பு ஏற்பாட்டைத் தேங்காய் எண்ணெய் திறந்துவிட்டது!

அதோடு முடிந்ததா? சந்தோஷத்தில் நான் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து, மொத்தத்தையும் சிஎஸ்வி கோப்பாக எடுக்க எக்ஸ்போர்ட்டை அழுத்தினால், மறுபடியும் விரல். திரும்பிப் பார்த்தேன். மாமா சாப்பிட உட்கார்ந்து தயிர் சாதத்தில் கையை நனைத்துவிட்டார். ரசிகர் அவர். கடைசிப் பருக்கை வரை, மாவடு கொட்டை வரை, இருபத்தைந்து நிமிஷம். அப்புறம் கை கழுவல், அப்புறம் மறுபடி தலை.

கோப்பு வந்தது. எந்தப் பூட்டும் இல்லாத வெறும் எழுத்துக் கோப்பு, யார் திறந்தாலும் படிக்கலாம், வேலை முடிந்ததும் அழித்தே ஆக வேண்டும். நானும் படித்தேன். அறுபத்தொன்றில் நாற்பது ஒரே பாஸ்வேர்ட். பேரன் பெயர், அவன் பிறந்த வருஷம். மீதியெல்லாம் அதே பேரன், ஆனால் தலையில் பெரிய எழுத்து, வாலில் ஒரு அட் குறி, அப்புறம் 1, அப்புறம் 2, அப்புறம் 3. ஏனென்றால் ஒரு பேங்க் தளம் சில மாதத்துக்கு ஒருமுறை மாற்று மாற்று என்று உயிரை எடுக்கிறது. அதற்கு மட்டும் நாலு பதிவு, எது உயிரோடு இருக்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

இந்தப் பெரிய எழுத்து, எண், குறியீடு விதிகளைப் பரப்பியதில் பெரிய பங்கு அமெரிக்கத் தரநிர்ணய அமைப்பான நிஸ்டின் 2003ஆம் வருஷ ஆவணத்துக்கு உண்டு. அதை எழுதிய பில் பர் என்ற மனுஷர் ஓய்வு பெற்ற பிறகு 2017இல், தான் எழுதியதில் பலவற்றுக்கு இப்போது வருந்துவதாக ஒரு பேட்டியில் சொன்னார். அதே வருஷம் நிஸ்டும், காரணமில்லாமல் மாதாமாதம் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லாதீர்கள் என்று விதியைத் திருத்திவிட்டது. எழுதினவரே வருந்தியாயிற்று ஐயா! அந்த வருத்தம் மாமாவின் பேங்க்குக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. அவர்களுக்கும் வாக்கிங் நண்பர் யாராவது சொன்னால்தான் உண்டு.

விண்டோஸ் போட்டது என்னவோ முக்கால் மணி நேரம்தான். போட்டதும் வைஃபையே தெரியவில்லை, அதை இயக்குகிற டிரைவர் என்ற மென்பொருள் இல்லை, டிரைவரை இறக்க இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட்டுக்கு டிரைவர் வேண்டும். அத்தையின் போனை கேபிளில் சொருகி, அதன் இன்டர்நெட்டை லேப்டாப்புக்குத் தருகிற டெதரிங் போட்டு, அந்த மானத்தையும் காப்பாற்றினேன். எக்ஸ்எம்எல்லை ஏற்றினேன், சிஎஸ்வியை இறக்குமதி செய்தேன், கோப்பை அழித்தேன், மறுசுழற்சித் தொட்டியையும் காலி செய்தேன். மணி சாயங்காலம் ஐந்தரை.

மாமாவை உட்காரவைத்து பென்ஷன் பக்கத்தைத் திறந்தேன். யூசர் நேம் கட்டம் நிரம்பியது. பாஸ்வேர்ட் கட்டத்தில் வரிசையாகப் புள்ளிகள்.

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

“பாத்தியா? நான்தான் காலையிலேயே சொன்னேனே. தானா வரும்னு!”

சிரித்துவிட்டேன். வேறு என்ன செய்ய? அத்தை ஒரு டிபன் பாக்ஸில் புளியோதரை கட்டிக் கொடுத்தார், ராத்திரி பஸ் ஏறிவிட்டேன்.

அணைக்கரைப் பாலம் தாண்டும்போது மாமாவிடமிருந்து போன். குரலைத் தாழ்த்திப் பேசினார். “மாப்ள, அந்த 143ஐ இன்னிக்கே மாத்தணும்ங்கறா உங்க அத்தை. அவ போன்ல ரூட்டரோட பக்கத்தைத் தெறந்துட்டா. அதுக்குள்ள போறதுக்கு ஏதோ பாஸ்வேர்ட் கேக்குது. அது தானா வரலையே?”

கேட்கவில்லை மாமா, சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். உண்மையில் போனில் சார்ஜ் நாலு சதவீதம். ஆயிரத்துச் சொச்சம் டிக்கெட் வாங்கின இந்த ஸ்லீப்பர் பஸ்ஸில் ஒவ்வொரு படுக்கைக்கும் சார்ஜ் பாயின்ட் உண்டு என்று போட்டிருந்தான். உண்டு, இல்லையென்று சொல்லவில்லை, என் காதுக்குப் பக்கத்திலேயே நீல விளக்கோடு அழகாக இருக்கிறது. கரண்ட்தான் வரவில்லை. கிளீனரிடம் கேட்டால், “வண்டி திண்டிவனம் தாண்டினா வந்துடும் சார்” என்கிறான்.